ஆளில்லா நாற்காலி ஆடிய சீட்டு

அங்கே தள்ளி உட்காராதீங்க. இப்படிக் கிட்ட வாங்க. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சீட்டாட்டக் கதை.

"இத்தனை நாளா எனக்கு நீங்க என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார் வேலுமயில்.

"என்ன சொல்லிக் குடுத்தனுங்க?" என்றாள் செண்பகவல்லி.

"சீட்டைக் கவுத்து வைங்க. இதுவும் ஆகாது, கவுத்து வைங்க. அட, அதையும் கவுத்து வைங்க. இது ஒண்ணுதான். ஆடறது எப்படீன்னு எப்பச் சொல்லித் தருவீங்க, குருவே?"

"குருவேன்னு கூப்பிடாதீங்கண்ணா. லிஃப்டுல இருக்கற ஆளுக எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க."

பார்க்கத்தானே செய்வார்கள்? சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு அவர் மகள் வயசு.

வேலுமயில் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர். செண்பகவல்லி அந்தப் பட்டறைக்கு இன்சூரன்ஸ் போட வந்தவள். முன்னே ஒரு சொகுசுக் கப்பலில் வேலை பார்த்தபோது போக்கர் ஆட்டம் படித்துக்கொண்டாள். வருசத்துக்கு ஒருக்கா லீவு எடுத்து, கேசினோ இருக்கிற ஊராகப் பார்த்துப் போவாள். ஆசை தீர ஆடுவாள். ஊர் திரும்பினால் காசு வைத்து ஒரு சீட்டுத் தொடமாட்டாள்.

இந்த வருசம் கொழும்பு. வேலுமயிலும் அவர் சம்சாரம் தங்கமணியும் கூடவே கிளம்பி வந்துவிட்டார்கள்.

அவருக்கு இந்தச் சீட்டின் மேல் ஏன் இத்தனை ஆசை என்று கேட்பீர்கள்.

பட்டறையை இப்போது மகன் பார்க்கிறான். தங்கமான பையன். அப்பா ஸ்பானரைத் தொட்டால் போதும், ஓடிவந்து வாங்கி வைத்துவிடுவான். "நீங்க சும்மா ஃபேனுக்கடியில உக்காருங்கப்பா" என்பான்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் செண்பகவல்லி அவர் கையில் இரண்டு சீட்டைக் கொடுத்தாள். அதை மூடிப் பிடித்ததும், தானும் இன்னும் ஒரு ஆள்தான் என்று தோன்றியது அவருக்கு.

அவ்வளவுதான் விசயம்.

லிஃப்ட் நின்றது.

"சரிங்ணா" என்றாள் குரு. "இன்னிக்குப் போட்டி இருக்குதில்ல? எல்லாருக்கும் ஒரே அளவு காயின் தருவாங்க. காயின் தீந்தவங்க எந்திரிச்சுப் போயிரோணும். நான் எந்திரிக்கற வரைக்கும் நீங்க எந்திரிக்காம இருங்க. நாளைக்கே ஆடச் சொல்லித் தர்றேன்."

"முன்னாலயே எந்திரிச்சுட்டா?"

"கரூருக்குப் போயி ஃபேனுக்கடியில உக்காருங்க. சீட்டைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வரக்கூடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. அவருக்குத் தெரியும்.

மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே மேசை. அவருக்கு நேர் எதிரே அவள்.

செண்பகவல்லி தன் காயினை அழகாக அடுக்கினாள். சீட்டுப் போடுகிற டீலர் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். எழுந்துவிட்டாள்.

"எங்க போறீங்க?"

"காலிமுகத்திடலுக்கு. அங்க கடலோரமாப் பட்டம் விடுறாங்களாம். தங்கமணியக்கா கூப்பிட்டாங்க."

"அப்ப ஆட்டம்?"

"நீங்க ஆடுங்க. என்ர நாற்காலி இருக்குதில்ல?"

போயே போய்விட்டாள்.

வேலுமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளே இல்லாத நாற்காலியை ஜெயிக்க முடியாதா? அம்மிணிக்கு நம்ம மேல பாசம், அதுதான் இப்படி விட்டுக் கொடுத்துட்டுப் போகுது என்று நினைத்துக்கொண்டார்.

ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாற்காலிக்கும் இரண்டு சீட்டு போடுவார்கள். எடுக்க ஆள் இல்லாததால் டீலரே அதை எடுத்துக் கழித்த சீட்டோடு சேர்த்துவிடுவாள். ஆட்டம் சுற்றி வரும்போது எல்லாரும் கட்டாயமாக வைக்கிற காயின் ஒன்று உண்டு. அதை மட்டும் நாற்காலி முன்னாலிருந்து எடுத்துக்கொள்வாள். வேறு நட்டம் கிடையாது.

ஆக, நாற்காலியின் காயின் கரைந்தது. ஆனால் எறும்பு அரிசி இழுக்கிற மாதிரிக் கரைந்தது.

மற்றவர்கள் காயின் அப்படியா கரைந்தது? ராஜா சோடியைப் பிடித்த ஒருத்தன், ஏஸ் சோடிக்காரனிடம் மாட்டி எழுந்து போனான். கண்ணாடிக்காரப் பெண் ஒருத்தி கோபத்தில் மொத்தத்தையும் தள்ளிவிட்டுப் போனாள். ஒரு சீனாக்காரர் எழுந்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நாற்காலி அசையவில்லை.

வேலுமயிலும் அசையவில்லை. அந்தச் சுற்றுக்கு வரவில்லை என்று சீட்டைக் கவுத்து வைத்தார். மறுபடி கவுத்து வைத்தார். எதிரே பார்த்துக்கொண்டார். தன் அடுக்கும் நாற்காலியின் அடுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். கொஞ்சம் பொறுத்தால் போதும்.

அவருக்குப் பக்கத்தில் நிமலன் என்று ஒரு கொழும்புத் தமிழர். வழுக்கைத் தலை, பொல்லாத வாய். டீலர் சீட்டைக் கலைக்கிற நேரமாகப் பார்த்துப் பேச்சைக் கொடுத்தார்.

"ஐயா, இந்தியாவில இருந்தோ?"

"ஆமாங்க. கரூர்."

"ஒரு சந்தேகம். குறை நினைக்க வேண்டாம்."

"கேளுங்க."

எதிரே இருந்த நாற்காலியைக் கைகாட்டினார். "அந்தக் கதிரையும் சும்மா இருக்குது. நீங்களும் சும்மா இருக்கிறீங்கள். உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

மேசையில் தமிழ் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தெரியாதவர்களும், அவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள்.

வேலுமயில் சிரிக்கவில்லை. காதுமடல் சூடாகிவிட்டது. காதுக்குள் மகன் குரல். நீங்க சும்மா உக்காருங்கப்பா.

அடுத்த சீட்டு வந்தது. ராணியும் ஒன்பதும். இரண்டும் வேறு வேறு சாதி. மற்ற நாளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கவுத்து வைத்திருப்பார்.

இரண்டு கையாலும் மொத்தக் காயினையும் நடுவில் தள்ளினார்.

"ஆஹா, கரூர் எழும்பிட்டுது" என்றார் நிமலன். தன் சீட்டைக் கவுத்து வைத்தார்.

மூலையிலிருந்த ஒரு பையன் மட்டும் யோசிக்காமல் ஈடு வைத்தான். ஏஸ் சோடி.

காயின் மொத்தமும் அந்தப் பையன் பக்கம் போனது. வேலுமயில் எழுந்தார். எதிரே நாற்காலி அப்படியே இருந்தது. அவள் அடுக்கிய அடுக்குக் கூடக் கலையவில்லை.

மேசைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். வெளியே போக மனசில்லை. போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆட்கள் குறைந்தார்கள். மேசைகளைச் சேர்த்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு அதிகாரி வந்து, நாற்காலியின் காயினை ஒரு தட்டில் வைத்து, சாமிக்குப் படையல் கொண்டுபோகிற மாதிரி ஏந்திப் போய்க் கடைசி மேசையில் வைத்தார். அங்கேயும் அதற்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதைப் பார்த்ததும் வேலுமயிலுக்குள் ஏதோ பளிச்சென்றது.

ஓடினார். ரோட்டைத் தாண்டி, பட்டம் விடுகிற கூட்டத்தைத் தாண்டி ஓடினார்.

கடலோரச் சுவர் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து இறால் வடை தின்றுகொண்டிருந்தார்கள். செண்பகவல்லியின் சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வந்துட்டாரு பாரு" என்றாள் தங்கமணி. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எந்திரிச்சாச்சு."

"எந்திரிச்சுட்டேன்" என்றார் வேலுமயில். மூச்சு வாங்கியது. "ஆனா எல்லாம் வெளங்கிப் போச்சு, அம்மிணி. வெளங்கிப் போச்சு!"

"என்னங்ணா வெளங்குச்சு?"

"உங்க நாற்காலி கடைசி மேசையில இருக்குது! இன்னும் ஒருத்தர் எந்திரிச்சா, பாக்கி எல்லாருக்கும் பரிசு. ஒரு சீட்டுத் தொடல. ஒண்ணுமே பண்ணல. சும்மா இருந்தே அத்தனை பேரையும் ஜெயிச்சுப்போட்டுது. இத்தனை நாளா நீங்க சொன்னது இதுதானுங்களே? நான் தோத்துட்டேன். சொன்ன சொல்லுப்படி இனி உங்ககிட்ட சீட்டைத் தூக்கிட்டு வரமாட்டேன். ஊருக்குப் போயி, அந்த நாற்காலி மாதிரியே மிச்ச காலத்துக்கும் சும்மா இருந்துக்கறேன். அது போதும் எனக்கு."

கண் கலங்கிவிட்டது அவருக்கு.

செண்பகவல்லி கையிலிருந்த வடையை மென்று முழுங்கினாள்.

"அவ்வளவு நேரம் அந்த நாற்காலியப் பாத்தீங்களே."

"பாத்தேன்."

"ஒருக்காவாவது அது சிரிச்சுதுங்களா?"

வேலுமயில் திரும்பிக் கேசினோ இருக்கிற பக்கம் பார்த்தார்.

"இவரு மட்டும் என்ன? காலையில இருந்து சிரிச்ச மாதிரியா தெரியுது?" என்றாள் தங்கமணி.

செண்பகவல்லி சுவரிலிருந்து குதித்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போறதை நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. இப்ப என்ர கூட வாங்க."

இரண்டு பேரும் போனார்கள். கோட்டுக்கார அதிகாரி வேலுமயிலை நிறுத்தினார். பின்னால் நிற்கலாம், சீட்டு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றார். அவர் தலையாட்டினார்.

செண்பகவல்லி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாவாடை நனைந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓ! கதிரைக்கு உயிர் வந்திட்டுது" என்றார் நிமலன். அவரும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

சீட்டு வந்தது.

அவள் இரண்டு சீட்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் மெல்ல நிமிர்த்தினாள். பின்னாலிருந்து வேலுமயிலுக்கும் தெரிந்தது.

ஏழு. இரண்டு. வேறு வேறு சாதி.

போக்கரில் அதைவிட மட்டமான சீட்டு கிடையாது. குப்பையிலும் குப்பை.

அவளோ, ஏஸ் சோடியே வந்தமாதிரி முகமெல்லாம் பூத்தாள். மீதியிருந்த காயின் அத்தனையையும் நடுவில் தள்ளினாள்.

வேலுமயில் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஒவ்வொருத்தராகச் சீட்டைக் கவுத்து வைத்தார்கள். நிமலன்தான் கடைசி. அவர் முன்னாலும் காயின் அதிகம் இல்லை. இப்போது எழுந்தால் வெறுங்கை.

அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"மத்தியானம் முழுக்க ஒரு சல்லி வைக்காத கதிரை" என்று முனகினார். "இப்ப எல்லாத்தையும் வைக்குதெண்டால்..."

தன் சீட்டை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார். ஏஸும் பத்தும். காட்டிவிட்டு டீலரிடம் தள்ளினார்.

எதிர்த்து நிற்க ஆள் இல்லை. சீட்டைக் காட்டாமலே நடுவிலிருந்த காயின் அவளிடம் வந்தது.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. என்ன வச்சிருந்தனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

செண்பகவல்லி இரண்டு சீட்டையும் திருப்பி வைத்தாள்.

ஏழு. இரண்டு.

மேசையே அதிர்ந்தது. நிமலன் தலையில் அடித்துக்கொண்டு அவரும் சேர்ந்து சிரித்தார். டீலர் பெண்ணால் உதட்டைக் கடித்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலுமயில் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பட்டறையில் முதல் பஸ் கட்டி முடித்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீலர் சீட்டைக் கலைக்கிற நேரத்தில் குனிந்தார்.

"அப்ப, சும்மா இருக்கோணுங்களா, எறங்கோணுங்களா? அதையாவது சொல்லுங்க."

அடுத்த சீட்டு வந்துவிட்டது.

அவள் ஓரத்தை மெல்ல நிமிர்த்தினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

இந்தத் தடவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். தான் மட்டும் பார்த்தாள். பிறகு திரும்பி, அதே பூத்த முகத்தோடு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.