மடுவைத் தாங்கிய ஆமை

மழை மறந்துபோன ஒரு காட்டில், பிள்ளைகளே, ஒரே ஒரு மடு மிச்சம் இருந்தது. அந்த மடுவில் ஓர் ஆமை வாழ்ந்தது. யார் எதைக் கேட்டாலும் "மாட்டேன்" என்று சொல்ல அதற்கு வாய் வராது.

கோடை முற்றியது. தண்ணீர் கரையைவிட்டு இறங்கத் தொடங்கியது. கிழக்கே ஓர் ஆறு உண்டு. மான் ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடும். ஆமைக்கோ எட்டு நாள் நடை. வழியெல்லாம் பொட்டல்.

'மடு வற்றட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பாதி வழியில் வெந்துபோவேன். ஈரம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும்' என்று நினைத்து, ஒரு காலையில் அது கரையேறியது.

கிளையில் இருந்த குரங்கு பார்த்துவிட்டது.

"ஐயோ, ஆமை போகுதே! மடு போச்சே!" என்று காடே அதிரக் கத்தியது.

கூட்டம் கூடியது. காட்டுப்பன்றி வழியை மறித்து நின்றது.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஆத்துக்குங்க. நான் மெதுவா நடக்கிறவன், அதனால முன்னாடியே..."

"நீ போயிட்டா மடு நிக்குமா?"

ஆமைக்கு ஒன்றும் புரியவில்லை. குரங்கு கீழே குதித்தது. ஒரு காலத்தில் கோயில் மண்டபத்தில் குடியிருந்த குரங்கு அது. அங்கே கேட்ட கதையெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும்.

"பாற்கடலைக் கடைஞ்சப்போ மத்தா நிறுத்தின மலை உள்ளே அமிழ்ந்துபோச்சு. திருமாலே ஆமையா மாறி அடியில போய் முதுகு கொடுத்தார். கோயில்ல பார்த்திருக்கேன், பீடத்துக்கும் அடியில ஆமைதான். அடியில ஆமை இருக்கிறவரைக்கும் மேலே இருக்கிறது இறங்காது. நம்ம மடுவும் அப்படித்தான்!"

"சாமி!" என்று யானை மண்டியிட்டது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் யானை அது.

ஆமை வெலவெலத்துப்போய்த் தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பயம்தான், வேறொன்றுமில்லை.

"பார்த்தீங்களா! ஐம்புலனையும் அடக்கிட்டார்! ஞானி!" என்றது குரங்கு.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நேற்றுவரை "ஏய் நத்தை" என்று கூப்பிட்டவர்கள்தான். ஓட்டின் இருட்டுக்குள் கிடந்த ஆமைக்கு 'ஞானி' என்ற சொல் தேனாக இறங்கியது. ஆறு மறந்துபோனது.

ஆமையைத் தண்ணீர் விளிம்பில் உட்கார வைத்தார்கள். யானை ஒரு கல்லைக் கொண்டுவந்து அதன் முதுகில் வைத்தது. மலைக்குப் பதிலாம். கல்லின்மேல் ஒரு தாமரைப் பூ.

அன்று மாலை உடும்பு வந்தது. ஆமைக்கு இருந்த ஒரே சிநேகிதி. அதற்கு வாயெல்லாம் நெருப்பு, பிடித்தால் விடாது.

"அண்ணே, என்ன பேசினே அவங்ககிட்ட?"

"இருக்கச் சொன்னாங்க தங்கச்சி. இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"கேக்கலை."

"தண்ணி வத்திட்டா உன்னை யாரு தூக்கிட்டுப் போவாங்க?"

"அதுவும் கேக்கலை."

உடும்பு வாலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்தது.

"ஓணானுக்கு ஒரு ராத்திரி என் பொந்துல இடம் கொடுக்கிறதுன்னாலும் நாலு பேச்சுப் பேசித்தான் கொடுப்பேன். நீ முதுகையே கொடுத்துட்டு வந்து நிக்கிறியே! இப்பவே யானையைக் கூப்பிடு. தண்ணி அதோட முழங்காலுக்கு இறங்கின அன்னிக்கு, கல்லை எடுத்துட்டு உன்னை ஆத்துல கொண்டுபோய் விடணும். எல்லார் முன்னாடியும் சரின்னு சொல்லட்டும். சொல்லலையா, உதறிட்டு நட. இன்னிக்கு ஒரு கல்தான். உதறலாம்."

"சே, அசிங்கம் தங்கச்சி. சாமி பேரம் பேசுமா?"

"சாமி பேசாது. ஆமை பேசணும்!"

ஆமை பேசவில்லை.

தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. "சாமி அசைஞ்சிருக்கும்" என்று பன்றி உறுமியது. யானை இன்னொரு கல் வைத்தது. மறுபடி ஒரு சாண் இறங்கியது. மறுபடி ஒரு கல். பூ வருவது நின்றுபோனது. கல் வருவது நிற்கவில்லை.

"கொஞ்சம் பாரமா இருக்குங்க" என்று ஆமை ஒருநாள் முனகியது.

"கேட்டீங்களா? கொஞ்சம்தானாம்!" என்று துள்ளியது குரங்கு. "இன்னும் தாங்குவார்!"

வயிறு சேற்றில் அழுந்தியது. சேறு காய்ந்து மண்ணாயிற்று, மண் பிளந்தது. ஒரு காலையில் மடுவில் நக்கக்கூட ஈரம் இல்லை.

கூட்டம் ஆற்றுக்குக் கிளம்பியது. ஆமை, பிறந்ததிலிருந்து எழுப்பாத குரலை எழுப்பியது.

"என்னால முடியலை! கல்லை எடுங்க! என்னையும் கூட்டிட்டுப் போங்க!"

யானை நின்றது. அதன் தும்பிக்கை கல்லை நோக்கி நீண்டது.

"தொடாதே!" என்று குரங்கு அலறியது. "சாமிமேல ஏத்தினதை இறக்கினா உன் குலத்துக்கே ஆகாது!"

தும்பிக்கை அப்படியே சுருண்டது.

"பாவம் என் தலையில வரட்டும்!" என்று உடும்பு யானையின் காலைக் கட்டிக்கொண்டது. "எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். மேல் கல் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

"மன்னிச்சிடு தாயி. எனக்கும் குட்டிங்க இருக்கு" என்று யானை காலை விடுவித்துக்கொண்டது.

பன்றி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மடுவைத்தான் தாங்கலை. கல்லையாவது தாங்கட்டும்" என்று போனது.

உடும்பு கல்லைப் பற்றி இழுத்தது. நகங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. கல் அசையவில்லை. உச்சி வெயில் ஏறியது.

"போதும் தங்கச்சி, நீ போ. நீயும் கருகிப்போவே."

உடும்பு மூச்சு வாங்கியபடி நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றது ஆமை. "அன்னிக்கு நான் கேட்டிருந்தா, யானை சரின்னு சொல்லியிருக்குமா?"

உடும்புக்குத் திட்ட வாய் எழவில்லை.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், அண்ணே" என்றது.

பிறகு ரத்தம் கசியும் கால்களோடு கிழக்கே நடந்தது.

நீதி: உன்னைப் புகழ்ந்து முதல் கல்லை முதுகில் வைக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு, கடைசிக் கல்லுக்கு அடியிலிருந்து கேட்டால் எவர் காதிலும் ஏறாது.