நானூறு பெட்டியும் ஓர் உப்பு ஜாடியும்

"ஒன்பது நாளா என் பெண்டாட்டி என்கிட்ட பேசலை, தாயே. நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

மலையடி ஆசிரமத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்த மருதப்பன் கேட்டார். இரும்புக்கடைக்காரர். ஐம்பது வயது. குரு அலர்மேலுவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

குரு வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமை. பொழுது சாயும்வரை மௌன விரதம்.

மருதப்பனுக்கு அது வசதியாகப் போயிற்று. குறுக்கே பேச ஆளில்லையே.

"குடிச்சதில்லை. கை நீட்டினதில்லை. ஞாயித்துக்கிழமை காய்கூட நறுக்கித் தருவேன். மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தத்துல, 'அடுப்படியில செண்பகத்துக்கு நான்தான் ஒத்தாசை'ன்னு சொன்னேன். 'தங்கமான மனுஷன்'னு சபையே மெச்சிச்சு. அன்னைக்கு மூடின வாயை அவ இன்னும் திறக்கலை."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ பேசாத வீட்டுல எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது, தாயே."

குரு கையை நீட்டி அடுப்பைக் காட்டினார்.

சமைக்கச் சொல்கிறார்!

மருதப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். அதென்ன பெரிய வித்தையா? அரிசியும் பருப்பும் கண்ணெதிரிலேயே இருந்தன.

"உப்பு எங்கே, தாயே?"

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புளியாவது?"

குரு ஜன்னல் வழியே ஓர் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதப்பன் டப்பா டப்பாவாகத் திறந்தார். காபித்தூள் டப்பாவில் கடுகு. பிஸ்கட் டப்பாவில் மிளகாய்த்தூள். ஏழு தும்மல்.

"ஒரு ஒழுங்கு வேண்டாமா? என் கடையில நானூறு பெட்டி. கண்ணைக் கட்டி விடுங்க, அரை இஞ்ச் போல்ட் எது, முக்கால் இஞ்ச் எதுன்னு தொட்டே எடுப்பேன்!"

நெய்ச்சட்டிக்குப் பின்னால், ஒரு ஜாடியில் உப்பு இருந்தது. அதற்குள் பருப்பு அடிபிடித்துவிட்டது.

குரு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பொழுது சாய்ந்தது. மருதப்பன் கைகட்டி நின்றார்.

"இனியாவது சொல்லுங்க, தாயே."

"உங்க வீட்டுல உப்பு எங்கே இருக்கு, ஐயா?"

மருதப்பன் நெய்ச்சட்டிக்குப் பக்கத்து ஜாடியைத் திரும்பிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை, தன் வீட்டு அடுப்படியில், ஒன்பதாவது டப்பாவைத் திறந்தார். வெந்தயம். உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. செண்பகத்திடம் கேட்டால் கையையாவது காட்டுவாள். கேட்கவில்லை.

பத்தாவது டப்பா. ரவை.

பின்னால் கொலுசுச் சத்தம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. அதற்குமேல் முடியவில்லை.

"என்னத்தைத் தேடுறீங்க?"

பத்து நாளுக்கப்புறம் அந்தக் குரல். மருதப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பாமல் அடுத்த டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"சொல்லிடாதே, செண்பகம்."