கமிட்டி வந்த அன்னைக்குத் திறந்த பீரோ

ஒரு ஊர்ல ஒரு காலேஜ் இருந்துச்சாம். அந்தக் காலேஜ்ல ஒரு லைப்ரரி. லைப்ரரி நிறைய கண்ணாடி பீரோ, பீரோ நிறைய புக்கு, ஒவ்வொரு பீரோவுக்கும் ஒரு பூட்டு. ம் கொட்டுடா, இல்லேன்னா நிறுத்திடுவேன். ஆங், அப்படி.

அங்க சுடர்மதின்னு ஒரு அக்கா படிச்சா. அவ அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் அவ பெரியப்பா ஃபேமிலி குரூப்ல டொய்ங்னு ஒரு மெசேஜ் தட்டிவிட்டாரு. வேலியோரத்துக் கொடி ஒண்ணை அரைச்சுக் குடிச்சா சர்க்கரை பறந்துடுமாம். அடியில ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகை பேரும் வருஷமும் வேற. அவ்வளவுதான், அப்பா மாத்திரையை நிறுத்திட்டு மடக் மடக்னு சாறு குடிச்சாரு. அப்புறம் தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. சாறு வேலை செய்யுதுன்னாரு.

சுடர்மதி அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, டாக்டர்கிட்ட வாங்கன்னு கெஞ்சினா. அவர் அசையல. "பத்திரிகையிலயே போட்டிருக்கு. பொய்யின்னா அதே பத்திரிகையைக் கொண்டாந்து காட்டு. மாத்திரை போடுறேன்."

அந்தப் பத்திரிகை லைப்ரரியில இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

முதல்ல லைப்ரரி சார்கிட்ட போனா. அவர் கொட்டாவி விட்டுக்கிட்டே, சாவி பிரின்சிபல்கிட்ட இருக்கு, எனக்கே பார்த்து நாளாச்சுன்னாரு. அப்புறம் லைப்ரரி பீரியட்ல போகலாம்னு பார்த்தா, கணக்கு சார் டக் டக்னு உள்ள வந்து, அந்தப் பீரியட் எப்பவும் என்னுதுதான், நோட்டை எடுன்னாரு. மூணாவதா, எப்பவும் தொப்பியும் தலையுமா இருக்கிற பிரின்சிபல். அவர் தொண்டையைச் செருமி, ஹ்ர்ர்ம், "காலேஜுக்கு மார்க் போட கமிட்டி வருது. புக்கு புதுசா இருந்தாத்தாம்மா அவங்க மதிப்பாங்க. நீ தொட்டா கை ரேகை விழும்"னாரு.

ம்? முழிச்சிருக்கியா?

அப்போ கமிட்டி வர்ற நாள் வந்துச்சு. காலேஜே கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. வாடகைக்குப் பூந்தொட்டி, வாடகைக்குக் கார்ப்பெட். ஒரு செய்தி வந்தா எப்படிச் சரிபார்க்கிறதுன்னு லைப்ரரி சார் பாடம் எடுக்கிற மாதிரி நடிக்கணும். முன்வரிசைப் பையன் ஒருத்தன் மனப்பாடம் பண்ண சந்தேகத்தைக் கேக்கணும். ஒத்திகையெல்லாம் நடந்துச்சு.

கமிட்டி மேடம் வந்து உட்கார்ந்தாங்க. லைப்ரரி சார் கொட்டாவியை அடக்கிக்கிட்டே ஆரம்பிச்சாரு. ஒண்ணு படிச்சா மூணு கேக்கணும். யாரு சொன்னா, எங்க சொன்னா, யார் மேல சோதிச்சுச் சொன்னா. சொல்லச் சொல்ல அவருக்கே தூக்கம் தெளிஞ்சுபோச்சு. சந்தேகம் உண்டான்னு கேட்டாரு. பையன் எழுந்திருக்கறதுக்குள்ள சுடர்மதி எழுந்துட்டா.

"சார், எங்கப்பாவுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. அந்தப் பத்திரிகை உங்க பின்னாடிதான் இருக்கு. இப்பவே பார்த்துடலாமா?"

மேடம், பார்க்கலாமேன்னுட்டாங்க. பிரின்சிபலோட பல்லு மட்டும் சிரிச்சுச்சு. சாவிக்கொத்தை எடுத்தாரு. களக், களக், எதுவும் சேரல. கடைசியா கிரீரீச். பக்கத்தைப் பிரிச்சா பர்ர்ர்னு சத்தம், ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

கட்டுரை நிஜமாவே இருந்துச்சுடா. ஆனா சாறு குடிச்சதெல்லாம் எலி. இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்தக் கூடாதுன்னு எழுதினவங்களே கடைசியில எழுதியிருந்தாங்க. பெரியப்பா மெசேஜ்ல அந்த வரி மட்டும் இல்ல.

சுடர்மதி புக்கை மார்போட அணைச்சுக்கிட்டு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னா. மேடம் பார்த்துக்கிட்டே இருக்காங்க, எப்படித் தடுக்கிறது? பிரின்சிபல் தேன் மாதிரி, எடுத்துட்டுப் போம்மா, உங்களுக்காகத்தானே வெச்சிருக்கோம்னாரு. மேடமும், பீரோ திறந்தே இருக்கட்டும், திரும்ப வருவேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

வீட்ல அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மக விரல் வெச்ச வரியவே ரொம்ப நேரம் பார்த்தாரு.

"எலியா?"

"எலிதாம்ப்பா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அப்புறம் தண்ணி கேட்டாரு. மாத்திரையை முழுங்கிட்டு, டாக்டர்கிட்ட கிளம்பலாம்னு சட்டையைத் தேடினாரு.

மறுநாள் லைப்ரரி வாசல்ல பெரிய கியூ. ஆளாளுக்கு மாமா அனுப்பினது, அத்தை அனுப்பினதுன்னு போனை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. லைப்ரரி சார் மூணு கேள்வியையும் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. கியூ கடைசியில யாரோ செருமுறாங்க. ஹ்ர்ர்ம்.

"சார், எங்க சித்தப்பா ஒண்ணு அனுப்பியிருக்காரு. வழுக்கையில முடி முளைக்குமாம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்"னு பிரின்சிபல் தொப்பியைக் கழட்டினாராம்.

ம்? சத்தத்தையே காணோம். சரி, கதை கண்ணை மூடிக்கிச்சு, நீயும் மூடிக்கோ.