கெசியாவுக்காக ஒரு ஜெபம்

“என் பொண்ணு கெசியா குடும்ப ஜெபத்துக்கு உட்கார மாட்டேங்குறா, சிஸ்டர்.”

ஐசக் நல்லதம்பி ஆசிரமத்து மருந்தக வாசலிலேயே நின்று சொன்னார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு மைதானத்தையே அடக்கிய குரல் இன்று தொண்டையைத் தாண்டவில்லை.

சிஸ்டர் மனோன்மணி பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். நல்லதம்பியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனம் கலங்கினவர்கள் சபைப் போதகரைத் தேடிப் போவதற்கு முன் இவரைத்தான் தேடி வந்தார்கள்.

“எத்தனை நாளா?”

“மூணு வாரம். நான் முழங்கால் போட்டதும் எழுந்து போயிடுறா. நாளைக்குக் காலையில ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புறா. இன்னைக்குச் சாயந்தரம் ஒரு தடவையாவது என் பக்கத்துல முழங்கால் போடணும், சிஸ்டர். இப்படியே அனுப்பிட்டா, திரும்பி வருவாளான்னே தெரியல.”

“ஏன் எழுந்து போறாளாம்?”

நல்லதம்பி தரையைப் பார்த்தார்.

“‘இது ஜெபமா, ஸ்கூல் அசெம்பிளியா’ன்னு கேக்குறா.”

பெஞ்சில் மருந்துக்குக் காத்திருந்தவர்களில் தாயம்மாள் கிழவி சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

“நான் ஒரு குறையும் வைக்கல. அந்தக் காலத்துப் பாலைவனத் துறவிங்க அழுது ஜெபிச்சாங்கன்னு படிச்சிருக்கேன். நானும் அழுதுதான் ஜெபிக்கிறேன்.”

“அவங்க எதுக்காக அழுதாங்களாம்?”

“தங்களோட பாவத்துக்காக.” சட்டென்று வந்துவிட்டது பதில். அதே வேகத்தில் சேர்த்துக்கொண்டார்: “நான் இவளுக்காக அழுறேன்.”

சிஸ்டர் துணியைக் கீழே வைத்தார்.

“வீட்டுல ஜெபிக்கிற மாதிரியே இங்க ஜெபிங்க, சார்.”

நல்லதம்பி முழங்காலிட்டார். கண்ணை மூடியதும் பழைய குரல் திரும்பி வந்தது.

“கர்த்தாவே, கெசியாவை உம்முடைய கரத்தில் தருகிறேன். தகப்பன் சொல்லைத் தட்டுகிற அவளுடைய பிடிவாதத்தை உடைத்துப்போடும். உள்ளூரில் கிடைத்த வேலையை உதறிவிட்டுத் தூரதேசம் ஓடுகிற புத்தியை மாற்றும். தாயில்லாப் பிள்ளையை இந்தத் தகப்பன் எப்படி வளர்த்தான் என்பதை அவளுக்கு உணர்த்தும்.”

“ஸ்தோத்திரம்!” என்றாள் தாயம்மாள்.

நல்லதம்பிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜெபத்தை முடிக்க வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் சிஸ்டர் முழங்காலிடுகிற சத்தம் கேட்டது.

“கர்த்தாவே, ஐசக் சாரை உம்முடைய கரத்தில் தருகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் பிரம்பைக் கீழே வைக்காத அவருடைய கையைத் தளர்த்தும்.”

சிஸ்டர் நிறுத்தவில்லை.

“‘நீ போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா’ என்று பெற்ற மகளிடம் சொல்லத் துணிவில்லாமல், உமக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளை ஏசுகிறாரே, அந்தப் பயத்தை அவரைவிட்டு…”

“ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!” தாயம்மாள் கைதட்டினாள்.

நல்லதம்பியின் காது மடல் சுட்டது. மூடிய கண்ணுக்குள்ளும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. ஒரு காலை ஊன்றி எழுந்துவிட்டார்.

“போதும், சிஸ்டர்! சொல்றதா இருந்தா என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே? அதுக்கு எதுக்கு ஆண்டவர்?”

சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

“ஆமென்” என்றார்.