கரடி இழுத்துக் கொடுத்த வில்

குளத்தங்கரை அத்திமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. காட்டில் எத்தனையோ பிராணிகள் இருக்க, ஒரு சிறுத்தைக்கு அந்த மரத்துக் குட்டிகள் மேல்தான் கண். போன மழைக்காலத்தில் செம்பி என்ற மந்தியின் மூத்த குட்டியை அது கவ்விக்கொண்டு போய்விட்டது. செம்பிக்கு மிச்சம் இருந்தது மார்போடு ஒட்டிக் கிடந்த சின்னக் குட்டி ஒன்றுதான்.

"இனிமே ஓடி ஒளிய வேண்டாம். ஒரு வில் வாங்குவோம்" என்றான் தலைவன் நெட்டைவாலன்.

குளத்தின் அக்கரையில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன இரண்டு குறுக்குவில்கள் அதனிடம் இருந்தன. நீளமான கட்டையின் தலையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தியிருக்கும். நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டி அம்பை வைத்துவிட்டால், விசையைத் தட்டும்வரை அது அப்படியே காத்திருக்கும். ஒன்று சின்ன மூங்கில் வில். மற்றது பளபளவென்று பெரிய இரும்பு வில்.

குரங்குகள் ஒரு கூடைக் கிழங்கை முன்னால் வைத்தன. முள்ளம்பன்றி சொன்னது: "முதல் வில் வாங்க வர்றவங்க எல்லாரும் எவ்வளவு தூரம் பாயும்னுதான் கேப்பாங்க. நீங்க இழுத்துப் பாருங்க. பயத்துல கை நடுங்கும்போதும் எதை இழுக்க முடியுமோ, அதுதான் உங்க வில்."

செம்பி மூங்கில் வில்லை எடுத்தாள். கட்டையின் முனையிலிருந்த வளையத்தில் காலை வைத்து மிதித்து, இரண்டு கையாலும் நாணை இழுத்தாள். மார்பில் குட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே நாண் டக்கென்று கொக்கியில் விழுந்தது.

"இது எவ்வளவு தூரம் பாயும்?" என்று கேட்டான் நெட்டைவாலன்.

"உங்க மரத்து உச்சியிலிருந்து அடிமரம் வரைக்கும். சிறுத்தை அங்கதானே வரும்?"

"நாங்க என்ன, ஓணான் அடிக்கவா வந்தோம்?" நெட்டைவாலன் செம்பியின் கையிலிருந்த வில்லைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தான். "பாவம், தவளைகளுக்கு ஒரு வில் இல்லாம இருந்துச்சு!"

எல்லாக் குரங்குகளும் விழுந்து விழுந்து சிரித்தன. செம்பியும் சிரித்தாள். தலைவன் சிரிக்கும்போது உம்மென்று இருந்தால் நன்றாகவா இருக்கும்? கிழங்கு கைக்கு வந்துவிட்டதால் முள்ளம்பன்றி கூடையை வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது.

இரும்பு வில்லை மூன்று குரங்குகள் தூக்கி வந்தன. நெட்டைவாலன் நாணை இழுத்தான். அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் நாணைப் பிடித்துத் தொங்கினார்கள். அப்போதும் அசையவில்லை. பக்கத்தில் கரையான் புற்றை உடைத்துத் தின்றுகொண்டிருந்த ஒரு கரடி மெல்ல வந்து, ஒரே கையால் நாணை இழுத்து மாட்டியது.

"இதுக்கா இவ்வளவு பாடு, தலைவரே? தினமும் வந்து இழுத்துக் கொடுத்துட்டுப் போறேன். நமக்குள்ள என்ன!"

"நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன குறை, அண்ணே" என்று பூரித்துப் போனான் நெட்டைவாலன்.

அன்று முழுவதும் குறி பார்த்துப் பழகினார்கள். புற்றின் மேல் விளாம்பழத்தை வைத்து அடித்தால், அம்பு பழத்தைப் பிளந்துகொண்டு அப்பால் உள்ள மரத்தில் போய்ப் புதைந்தது. குரங்குகள் குதியோ குதியென்று குதித்தன. ஒவ்வொரு அம்புக்கும் கரடிதான் இழுத்துக் கொடுத்தது.

மறுவாரம் கரடிக்குக் கை வலித்தது. "கொஞ்சம் தேன் இருந்தாத் தேவலை" என்றது. குரங்குகள் உச்சிக் கிளைக்கு ஏறி, மூஞ்சி வீங்க வீங்கக் கொட்டு வாங்கித் தேனடை கொண்டுவந்தன. பிறகு மரத்தின் முதல் பழங்கள் கரடிக்குப் போயின. பிறகு கரடி மரத்தடிக்கே குடிவந்தது. சிறுத்தைக்கென்று வாங்கிய வில்லால் பாறைத் தேனடைகளைக் கரடிக்கு அடித்து இறக்கினார்கள். கரடியின் வாயில் தலைவர் போய் "டேய்" வந்தது. நெட்டைவாலன் வாயில் அண்ணன் போய் "ஐயா" வந்தது. யாரும் அதைக் கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் சிறுத்தை வந்தது.

வில்லில் ஒரு அம்பு தயாராக இருந்தது. நெட்டைவாலன் குறி பார்த்தான். விளாம்பழம் அவனைத் திருப்பி முறைத்ததில்லை, சிறுத்தை முறைத்தது. கை நடுங்கியது. அம்பு சிறுத்தையின் காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அது புதருக்குப் பின்னால் பாய்ந்து நின்று, அடுத்த அம்பு வருகிறதா என்று பார்த்தது.

நெட்டைவாலன் வில்லைக் கிளையிலேயே போட்டுவிட்டு உச்சிக்கு ஓடினான். செம்பி ஓடவில்லை. வில்லைக் கீழே கொண்டுபோக அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குட்டி தொங்கினால் வில் இடித்தது. குட்டியைக் கிளைக் கவட்டில் உட்காரவைத்துவிட்டு, வில்லை இழுத்துக்கொண்டு கரடியிடம் இறங்கினாள்.

"ஐயா, சீக்கிரம் இழுத்துக் கொடுங்க!"

கரடி உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது. "இன்னைக்குத் தேன் வரலியே."

"நாளைக்கு ரெண்டு அடையாத் தர்றோம் ஐயா. குட்டி மேல இருக்கு!"

"தேன் வரட்டும். வந்ததும் இழுக்கிறேன்."

புதருக்குப் பின்னாலிருந்த சிறுத்தைக்கு இது தெளிவாகக் கேட்டது. அது அவசரப்படாமல் மரத்தின் மறுபக்கமாக ஏறியது. செம்பி வில்லைப் போட்டுவிட்டுத் தாவி ஏறினாள். கவடு காலியாக இருந்தது.

அழுது முடித்த பிறகு அவள் கரடியிடம் கேட்டாள்: "பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு தடவை இழுத்திருக்கக் கூடாதா?"

"சிறுத்தை செத்துட்டா எனக்கு யாரு தேன் கொண்டாந்து தருவா?" என்றது கரடி. அதன் குரலில் கோபம்கூட இல்லை.

காலையில் புற்றின் மேல் மறுபடி விளாம்பழம் வைத்தார்கள். கரடி நாணை இழுத்தது. "சிறுத்தையோட காது கிழிஞ்சுதா இல்லையா? அந்த மூங்கில் வில்லா இருந்தா ஒரு மயிர்கூட உதிர்ந்திருக்காது" என்றான் நெட்டைவாலன். ஆமாம் ஆமாம் என்றன குரங்குகள்.

செம்பி குளத்தில் இறங்கிச் சேற்றைத் துழாவி மூங்கில் வில்லை எடுத்தாள். வளையத்தில் காலை வைத்து மிதித்து, இரண்டு கையாலும் இழுத்தாள். ஊறிப்போன நாண் அவள் கையோடு அறுந்து வந்தது.

தன் கையால் இழுக்க முடியாத வில்லை வாங்குகிறவன், அதை இழுத்துக் கொடுப்பவனுக்கு அடிமையாவான்.