அக்கா மூங்கில் கடல் பார்க்கப் போன கதை

மரமும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எத்தனை வருடம் முன்னால் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது மூங்கில் வருடா வருடம் பூத்தது, மாமரம் பூப்பதுபோல. தை பிறந்தால் மலை முழுக்க மூங்கில் பூதான்.

அந்த மலைச் சரிவில் ஒரே வேரில் இரண்டு கல்மூங்கில் நின்றன. உள்ளே பொந்து இல்லாத சாதி. முன்னால் முளைத்தது அக்கா, பின்னால் முளைத்தது தங்கை. மூங்கிலுக்குக் கணுவுக்குக் கணு ஒரு கண் உண்டு. இன்றும் உண்டு, போய்ப் பாருங்கள். துளிர் விடுவது அதிலிருந்துதான். அந்தக் காலத்தில் மூங்கில்கள் அந்தக் கண்ணால் பார்க்கவும் செய்தன.

மத்தியானம் ஆனால் கிழக்கேயிருந்து ஒரு காற்று மலையேறி வரும். அதில் உப்பு இருக்கும். அக்கா நுனியை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"இது எங்கேயிருந்துடி வருது?"

"எங்கேயிருந்து வந்தா உனக்கென்ன? வேர் இருக்கிற இடத்துல நில்லு."

"ஒரு தரம் பாத்துட்டாப் போதும்."

"போன வருசமும் இதையேதான் சொன்னே."

அக்காவுக்கு அந்த ஏக்கம் போகவில்லை. அதன் பூ எல்லாம்கூடக் கிழக்குப் பக்கம் மட்டும்தான் பூத்தது.

ஒரு புரட்டாசியில் கோச்சடை என்கிற ஆள் மலைக்கு வந்தான். ஆறு கடலில் விழுகிற இடத்தில் தூண்டில் போடுகிறவன். படகு கிடையாது, வலை கிடையாது. கரைப் பாறைமேல் நின்று கொடுவா மீன் பிடிப்பான். கொடுவா முரட்டு மீன். இரையைக் கவ்வினால் கடலைப் பார்த்து ஓடும். அதற்கு ஈடு கொடுக்கிற கழி அவனுக்கு வாய்க்கவில்லை. புன்னைக் கொம்பு வைத்தான், முறிந்தது. பிரம்பு வைத்தான், வளைந்தது வளைந்ததுதான், நிமிரவில்லை. சவுக்கு வைத்தான், நாலு தரம் வீசுவதற்குள் தோள் கழன்றது. வளையவும் வேண்டும், நிமிரவும் வேண்டும், கனக்கவும் கூடாது. அதைத் தேடித்தான் இரண்டு நாள் நடந்து வந்தான்.

முதலில் தங்கையைத் தட்டிப் பார்த்தான்.

"கையை எடு. உப்பு நாறுது," என்றது தங்கை.

"உப்பா? அண்ணே, நீ அங்கேயிருந்தா வர்றே?" என்றது அக்கா.

அவன் அக்காவின் நுனியைப் பிடித்துத் தரைவரைக்கும் வளைத்துவிட்டான். சடாரென்று நிமிர்ந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"நெருப்புல வாட்டி நிமிர்த்தற வேலைகூட இல்லை. நேராவே இருக்கே. வர்றியா தாயி?"

"அவ வரமாட்டா," என்றது தங்கை.

"வர்றேன். ஆனா தையில நாங்க பூக்கணும். அதுக்குள்ள கொண்டாந்து இங்கேயே நட்டிரணும். கண்ணு உசுரோட இருந்தா வேர் பிடிச்சுக்குவேன்."

"கொடுவா ஓட்டம் மார்கழியோட சரி. மார்கழி முடியறதுக்குள்ள உன்னை நட்டுருதேன்."

தேய்பிறை வரைக்கும் காத்திருந்து வெட்டினான். வளர்பிறையில் வெட்டினால் வண்டு துளைக்கும் என்று கணக்கு. வெட்டுப்பட்டது அக்கா. இலை உதிர்ந்தது தங்கைக்கு.

கடலைப் பார்த்ததும் அக்கா எல்லாக் கண்ணையும் அகலத் திறந்தது.

"இவ்வளவு பெரிசுன்னு நீ சொல்லவே இல்லையே."

"எவ்வளவுன்னு எனக்கே தெரியாதே தாயி."

பகலெல்லாம் மீன். சாயங்காலம் ஆனால் அதன் அடியை நல்ல தண்ணீர்ப் பானையில் நிறுத்திவைப்பான், உயிர் நிற்கட்டும் என்று. ஆனால் உப்புத் தண்ணீர் சும்மா இருக்குமா? பத்து நாளில் தோல் வெளுத்தது. மயிரிழைபோலக் கீறல் விட்டது. கோச்சடை பனிச்சை மரத்தடிக்குப் போனான். பனிச்சங்காயை இடித்த சாறு பட்டால் வலைக்கயிறு கறுத்து இறுகும், தண்ணீர் ஏறாது.

"காயைக் கொடுக்கேன்," என்றது பனிச்சை. அது கிழட்டு மரம், சிடுமூஞ்சி. "ஆனா ஏலே, கேட்டுக்கோ. என் சாறு பட்ட இடத்துல வெளியே இருக்கிறது உள்ளே போகாது. உள்ளே இருக்கிறது வெளியேயும் வராது. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசு."

கேட்டான்.

"பூசலேன்னா?" என்றது அக்கா.

"வெடிச்சுப்போவே. விறகுக்குத்தான் ஆகும்."

"அப்பப் பூசு. கண்ணை மட்டும் விட்டுரு. துளிர் அங்கேயிருந்துதான் வரணும்."

தேங்காய் நாரைத் தோய்த்துப் பூசினான். முதல் பூச்சில் பழுப்பு, இரண்டாவதில் மரநிறம், மூன்றாவதில் கறுப்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் நிழலில் காய விட்டான். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் உரிந்துபோகும். கண்ணைச் சுற்றி மட்டும் விரல்நுனியால் வழித்துவிட்டான். முடிந்தபோது எண்ணெய் தேய்த்த எருமைபோல மின்னியது கழி. அந்த முகத்துவாரத்தில் அப்படி ஒரு கழியை யாரும் பார்த்ததில்லை.

கார்த்திகை வந்தது. அக்கா அலையைப் பார்ப்பது குறைந்தது.

"அண்ணே, மலை எந்தப் பக்கம்?"

"உன் முதுகுப் பக்கம்."

"திருப்பிப் பிடியேன்."

"மீன் அந்தப் பக்கம் இல்லையே தாயி."

சிரித்தார்கள். ஆனால் கடற்காற்று அடித்தால் கழி தானாக மலைப் பக்கம் வளைந்தது. அவன் இழுத்து இழுத்து நேரே பிடிக்க வேண்டியிருந்தது. ஊரில் இருந்தபோது கடல் வேண்டும். கடலுக்கு வந்தபின் ஊர் வேண்டும்.

மார்கழி முடிய நாலு நாள் இருந்தது. மூட்டை கட்டுவதற்கு முன் கழியைத் தடவிப் பார்த்தான் கோச்சடை. மூன்றாம் கணுவில், பூச்சு இல்லாத கண்ணுக்குப் பக்கத்தில், ஒரு கீறல். உப்பு அந்த வழியாக ஏறியிருந்தது. மலைக்கு இரண்டு நாள் நடை. வழியில் வெடித்தால்? பயந்துபோனான். உச்சி வெயில் நேரம். அக்கா பானையில் நின்று அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஒரு கண்மேல் சாற்றைத் தொட்டு வைத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் தொழில்காரன். இத்தனை நாளாகக் கறுத்து மின்னுகிற கழியில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி தெரிந்தது அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பூசாமல் விட்ட இடம் பூசுகிறவனுக்குப் பொறுக்காது. கை அடுத்த கணுவுக்குப் போனது. அதற்கடுத்த கணுவுக்கும் போனது. நுனிவரைக்கும் போய்த்தான் நின்றது.

அக்கா விழித்தது.

"அண்ணே, இருட்டிருச்சா?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"அலை கேக்குது. கடலைக் காணோமே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சிப்பியை எடுத்துச் சுரண்டினான். பூச்சோடு தோல் வந்தது, தோலோடு கண்ணும் வந்தது. ஒரு கண் போனதும் சிப்பியைக் கீழே போட்டுவிட்டான். மற்றதைத் தொட அவனுக்குக் கை வரவில்லை.

சொன்ன நாளுக்குள் மலைக்குத் தூக்கிப் போனான். சொன்ன இடத்தில் நட்டான்.

"யாரு இது?" என்றது தங்கை.

"உங்க அக்கா."

"எங்க அக்கா பச்சையா இருப்பா."

"நான்தாண்டி," என்றது கறுத்த கழி.

தங்கை குனிந்து பார்த்தது. "கண்ணைத் தொற."

"தொறக்க வரலே."

தங்கை கோச்சடை பக்கம் திரும்பியது. "அடைக்கறதுக்கு முந்தி அவகிட்டக் கேட்டியா?"

"கேக்கலை. வெடிச்சிரும்னு பயந்துட்டேன்."

"வெடிச்சாலும் வெடிக்கட்டும்னு சொல்லியிருப்பா. ஒரு கண்ணு மிஞ்சியிருந்தாப் போதுமே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான்.

தை பிறந்தது. தங்கைக்கு உடம்பெல்லாம் மொட்டு.

"பூத்துட்டியா?" என்றது அக்கா.

"இல்லை. நீ துளிரு. சேர்ந்தே பூப்போம்."

மொட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த மலையில் மூங்கில் எல்லாம் வேரில் உறவு. ஒருத்தி வீட்டில் இப்படி இருக்கும்போது மற்றவர்கள் எப்படிப் பூ வைத்துக்கொள்வது? அவர்களும் இழுத்துக்கொண்டார்கள். மலை வெறுமனே பச்சையாக நின்றது.

அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். பூச்சு நல்ல பூச்சு, அதைச் சொல்லத்தான் வேண்டும். வெயிலுக்கும் உரியவில்லை, மழைக்கும் உரியவில்லை. உள்ளே இருந்தவளையும் விடவில்லை. அக்கா கடலைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். தங்கை கேட்கும். கோச்சடை வருடம் ஒரு தரம் ஏறி வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்குவான். ஒரு வருடம் அவன் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

நாற்பது வருடம் போயிற்று. மண்ணுக்குள் பூச்சு ஏறாத இடம் வெட்டுப்பட்ட அடி ஒன்றுதான். அதன் வழியாகக் கறையான் ஏறியது. ஒரு மார்கழிக் காற்றில் கழி சாய்ந்து தங்கைமேல் விழுந்தது.

"ஏண்டி, நீ இன்னும் பூக்கவே இல்லையா?"

"நீ வராம எப்படி?"

"நான் இனிமே துளிர்க்க மாட்டேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ பூ. என்னாலே பாக்க முடியாது. மேல உதிர்ந்தாத் தெரியும்."

தங்கை பூத்தது. நாற்பது வருடமாக அடக்கிவைத்த அத்தனையும் ஒரே தையில் வந்தது. ஓர் இலைகூட மிச்சமில்லாமல் பூ. மலை மூங்கில் எல்லாம் கூடப் பூத்தன. கறுத்த கழிமேல் பூ உதிர்ந்து உதிர்ந்து அது இருந்த இடமே தெரியவில்லை. உதிர்த்து முடித்த தங்கைக்கு மறுபடி இலை விட மனமும் இல்லை, தெம்பும் இல்லை. நின்றபடியே காய்ந்தது.

அந்தத் தையில் பிடித்துக்கொண்ட வழக்கம்தான் இன்றுவரை நடக்கிறது: மூங்கில் ஆயுசெல்லாம் பூவை உள்ளேயே வைத்திருக்கும், எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு தரம் பூக்கும், பூத்தபின் இருக்காது.