கண்ணியில் சிக்கிய கொரில்லா

ஆப்பிரிக்காவில், மேகம் படிந்த மலைக்காடு ஒன்றில் கிபோ என்ற கொரில்லா தன் கூட்டத்தோடு வாழ்ந்து வந்தது. அந்த மலையில் மிச்சமிருந்தது அந்த ஒரே கூட்டம்தான்.

ஒரு நாள் துவா என்ற மான் கிபோவைத் தேடி வந்தது.

“பெரியவரே, நாங்கள் நடக்கும் வழியெல்லாம் வேட்டைக்காரர்கள் கம்பிக் கண்ணி வைத்திருக்கிறார்கள். நேற்று என் அக்கா மாட்டிச் செத்துப்போனாள். எங்களுக்குக் குளம்புதான் இருக்கிறது. உங்களுக்குக் கை இருக்கிறதே, வந்து முறித்துப் போடுங்களேன்.”

“அது மானுக்கு வைத்த கண்ணி. எங்களுக்கு அங்கே என்ன வேலை?” என்றது கிபோ.

அதன் துணை நேமாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஒரு நடை போய்ப் பார்க்கலாமே” என்றது. கிபோ காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மூங்கில் குருத்து பறிக்கப் போன கிபோ, இலைச் சருகின் மேல் கையை ஊன்றியது. வளைத்துக் கட்டியிருந்த கழி சட்டென்று நிமிர்ந்தது. மணிக்கட்டில் கம்பி இறுகியது. கிபோ பலங்கொண்ட மட்டும் இழுத்தது. கம்பி தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. வலி தாங்காமல் அது போட்ட சத்தத்தில் நேமா ஓடி வந்தது. துவாவும் வந்தது.

“இழுக்காதீர்கள். என் அக்கா இழுத்து இழுத்துத்தான் செத்தாள்” என்றது துவா. “நேமா, கழியைக் கீழே அழுத்திப் பிடி. கம்பி தளரும்.”

நேமா தன் முழு எடையையும் போட்டுக் கழியை அழுத்தியது. கம்பி தளர்ந்தது. கழியை விடாமலே நேமா ஒரு விரலைச் சுருக்குக்குள் நுழைத்து, மெல்ல மெல்ல நெகிழ்த்திக் கிபோவின் கையை விடுவித்தது.

கிபோ காயத்தை நக்கியது. பிறகு துவாவைப் பார்த்தது.

“நீ கூப்பிட்டபோதே நான் வந்திருக்க வேண்டும்.”

“இப்போது வாருங்கள். ஓடைக்கரையில் இன்னும் நிறையக் கண்ணி இருக்கிறது.”

அன்றே வேலை தொடங்கியது. துவா முன்னால் போய், மனித வாடை அடிக்கும் இடத்தில் நிற்கும். கொரில்லாக்கள் கழியை ஒடித்து, கம்பியைப் பள்ளத்தில் எறியும். காயம்பட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு கிபோவும் ஒடித்தது.

வேட்டைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணி வைத்தார்கள். மறுபடியும் எல்லாம் ஒடிந்து கிடந்தன. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது, வெறுங்கையோடு மலை இறங்கியவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அடுத்தவருக்கு வந்த ஆபத்தைத் தன் ஆபத்தாக நினைத்து அன்றே உதவ இறங்குகிறவர்தான், தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறார்.